நான் எழுதிக் கொடுத்த மன்னிப்பு

அந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது அதுதான். கோணலும் மாணலுமாக எழுதித் தொலைத்திருந்தால் அதை அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பார்கள்.

ராஜபாளையத்தில் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளில் ஒன்று வேற்று மதத்தில் கல்யாணம் செய்துகொண்டு, பெற்றவர்கள் அந்தக் கல்யாணத்தில் போய் நின்றுவிட்டால், அவர்களுக்குத் திருவிருந்து நிறுத்தப்படும். அப்பமும் திராட்சை ரசமும் வாங்கச் சபையே வரிசை வரிசையாக எழுந்து போகும்போது அவர்கள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள் முழங்காலைத் தாண்டிப் போவார்கள், தாண்டி வருவார்கள். மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆராதனை நடுவில் எல்லோர் முன்னாலும் நின்று மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும். அதற்கு ஒழுங்கு என்று பெயர். எவ்வளவு சுத்தமான சொல். கழுவித் துடைத்த கத்தி மாதிரி.

நான் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள். விளக்கு எரிகிற கண்ணாடி மேசைமேல் துணி ஓடும். இழை விட்டுப்போன இடத்தைப் பார்த்ததும் கையை வைத்து நிறுத்த வேண்டும். எட்டு மணி நேரம் வெள்ளையையே பார்த்துவிட்டு வருகிறவளுக்குச் சொற்கள்மேல் அப்படி ஒரு பசி. கவிதையும் இல்லாமல் கட்டுரையும் இல்லாமல் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பேன். சபையில் கிறிஸ்துமஸ் வரவேற்புரையா, ஓய்வு பெற்றவருக்கு வாழ்த்து மடலா, இறந்தவருக்கு இரங்கலா, என்னிடம்தான் வருவார்கள். "நீங்க எழுதினா அழுகை வந்துருதும்மா" என்பார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. இனித்தது என்றே எழுதிவைக்கிறேன்.

பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிற அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகளைக் கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜில் படிக்க வைத்தாள். அந்தப் பெண் கூடப் படித்த வன்னியம்பட்டி இந்துப் பையனை ஸ்ரீவில்லிபுத்தூர் ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டது. அக்கா போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். அவள் செய்த பாவம் அம்புட்டுத்தான். நாலு மாதம் திருவிருந்து இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த நாலு மாதமும் அவள் முழங்காலைத் தாண்டிப் போனவர்களில் நானும் ஒருத்தி.

ஒருநாள் ஆராதனை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கேட்டாள்.

"ஏட்டி, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்க. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன்."

"என்னன்னுக்கா எழுத?"

"அவிய கேக்கத எழுது. அவிய மனசு குளுந்து போகணும். பொறவு என்னைய விட்ருவாக."

"நீ செஞ்சது தப்புன்னு நெனைக்கியாக்கா?"

"தப்பாவது மண்ணாவது. எம்புட்டு நாள்டி கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்க? எனக்கு அந்த அப்பம் வேணும்."

அந்த இடத்திலாவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன். 'பத்து மாதம் சுமந்த என் வயிறே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. மகளைப் பெற்ற தாயாகிய நான் அவளைக் காக்கத் தவறினேன். என் வயிறு வருத்தப்படுகிறது' என்று எழுதிவிட்டு, வருத்தம் போதவில்லை என்று அடித்து 'வெட்கப்படுகிறது' என்று மாற்றினேன். தாள லயம் சரியாக வந்தது. அவள் வயிற்றை வெட்கப்பட வைக்க நான் யார்? அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. சொல் சரியாக விழுந்த சந்தோஷத்தில் எழுந்து காபி போட்டுக் குடித்தேன்.

அக்கா வாசித்தாள். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான எங்கள் சபைச் செயலாளர் வாசலில் என்னைப் பிடித்து, "உருக்கிட்டீங்கம்மா" என்றார். அக்கா அன்றைக்கே அப்பம் வாங்கினாள். யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸப்பில் விட்டார்கள். அது சுற்றிச் சுற்றி வன்னியம்பட்டிக்கும் போயிற்று. தன்னைப் பெற்றதற்குத் தன் தாயின் வயிறு வெட்கப்படுகிறது என்று அந்தப் பெண் அந்த வீடியோவில் தன் காதாலேயே கேட்டாள். அடுத்த ஞாயிறு அக்கா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "மக போனெடுக்க மாட்டேங்கா." அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செயலாளர் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். மாதிரிப் படிவமாக. விடுப்பு விண்ணப்பத்துக்கு ஒன்று, ஞானஸ்நானச் சான்றிதழுக்கு ஒன்று, வெட்கப்பட ஒன்று.

அது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அடுத்த ஆள் ஒரு தகப்பன். பஞ்சாலையில் ஃபிட்டர். மெஷின் சத்தத்திலேயே கிடந்து காது பாதி போனவர், அதனால் எதையும் உரக்கத்தான் சொல்வார். மூத்த மகள் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள், இவர் போய் வாழ்த்திவிட்டு வந்தார். இப்போது சின்ன மகளுக்குச் சபையிலேயே மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர் சொல்லலாம் என்று அறிவிப்பது. தகப்பன் மன்னிப்புக் கேட்காமல் சின்னவளுக்கு ஓலை இல்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. அக்காள் செய்ததற்குத் தங்கச்சியைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஒழுங்கு.

அவர் வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு தாளோடு முன்னால் போய் நின்றார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வரி. என் மூச்சு. செயலாளர் மேலே கீழே பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, மில்லில் கூப்பிடுகிற குரலில் வாசித்தார்.

"பத்து மாதம்... சுமந்த... என் வயிறே..."

நின்றார். தாளைப் பார்த்தார். ஆண்கள் பக்கம் எவனோ சிரித்தான். சிரிப்பு பெஞ்சு தாண்டிப் பெஞ்சு போயிற்று.

செயலாளர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அத விட்டுட்டு மேல வாசிங்க" என்றார்.

அவருக்குக் காதில் விழவில்லை. விரலை வைத்துத் தேடி அடுத்த வரியைப் பிடித்தார். "மகளைப் பெற்ற தாயாகிய நான்..."

இப்போது பெண்கள் பக்கமும் சிரித்தது. போதகர் ஐயா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். சின்ன மகள் இரண்டாவது பெஞ்சில் குனிந்து, நெற்றியை முன்பெஞ்சின் முதுகில் வைத்துக்கொண்டாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து நின்றேன். எங்கள் சபையில் ஆராதனை நடுவில் பெண்கள் எழுந்து பேசுவது கிடையாது.

"அது அவர் கடிதம் இல்ல. நான் எழுதுனது. வேற ஒரு தாய்க்கு எழுதுனது. அதையும் எழுதியிருக்கக் கூடாது. அவர உக்காரச் சொல்லுங்க."

ஐயா பாட்டு எண்ணை அறிவித்தார். ஆர்கன் முழங்கியது. ஃபிட்டர் பாட்டு முடியும்வரை தாளைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஐயாவின் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஐயா, செயலாளர், கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர். எனக்கு நாற்காலி போடவில்லை.

"சபையவிட ஒங்க மனசாட்சி பெருசோ?" என்றார் செயலாளர்.

"சார், மதுரையில நம்ம சபை மில் மொதலாளி வீட்டுப் பையன் இந்துப் பொண்ணக் கட்டுனானே, நீங்களும் ஐயாவும் மொதப் பந்தியிலதான உக்காந்தீங்க? ஒங்களுக்கு யாரு சார் கடிதம் எழுதிக் குடுத்தா?"

ஐயா தொண்டையைச் செருமினார். "அது வேற விஷயம்மா. அவங்க தனியா வந்து மன்னிப்புக் கேட்டுட்டாங்க."

தனியாக. காரில் வருகிறவர்களின் மன்னிப்பு கதவைச் சாத்திக்கொண்டு முடிந்துவிடும். பஸ்ஸில் வருகிறவர்களின் மன்னிப்புக்குத்தான் மைக்.

முடிவு சொன்னார்கள். ஃபிட்டர் வாசித்தது செல்லாது, அடுத்த ஞாயிறு மறுபடி வாசிக்க வேண்டும். நான் ஆராதனையைக் குலைத்ததற்கு மன்னிப்புக் கடிதம் வாசிக்கும்வரை எனக்குத் திருவிருந்து இல்லை. "ரெண்டு வரி போதும். ஒங்களுக்கு நாங்க சொல்லியா தரணும்?" என்று செயலாளர் சிரித்தார்.

என்னை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியது அந்தச் சபை. என் அம்மாவை எடுத்துக்கொண்டு போனபோது மணி அடித்தது அந்தச் சபை. அப்பம் நாக்கில் கரைகிற அந்தச் சில நொடிகளில் என் ஓயாத தலை ஓய்ந்து கிடக்கும். உலகத்தில் வேறெங்கும் அது எனக்குக் கிடைத்ததில்லை. அதைத்தான் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார்கள். ஆண்டவரின் உடலை, அவர் இரத்தத்தை. அதற்கு இவர்கள் என்ன, குத்தகைதாரர்களா?

மறுநாள் சாயங்காலம் மில் வாசலில் ஃபிட்டருக்காகக் காத்திருந்தேன். ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"கெடுத்துட்டீங்களேம்மா. நீங்க எந்திரிக்கலன்னா நேத்தோட முடிஞ்சிருக்கும்."

"ஒங்களப் பாத்து சிரிச்சாங்கண்ணே."

"சிரிச்சுட்டுப் போறான். காது கேக்காதவனப் பாத்து இந்த மில்லே சிரிக்கி. எனக்குச் சின்னவ ஓலை வாசிக்கணும், அம்புட்டுதான்."

"நான் வேண்ணா வேற ஒண்ணு நல்லதா எழுதித் தாரேன்."

வாயிலிருந்து வந்தேவிட்டது. அந்த நேரத்திலும். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ஐயோ, தாயே, நீங்க எழுதவே வேண்டாம்."

அடுத்த ஞாயிறு பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாளில் தன் கையால் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். "என் மூத்த மக கல்யாணம் பண்ணுனா. நான் போனேன். சாப்புட்டேன். சபைக்குப் பிடிக்கலன்னா மன்னிச்சுக்கோங்க. சின்னவ ஓலைய வாசிங்க." அவ்வளவுதான். நான் கேட்டதிலேயே நேர்மையான உரைநடை. அதில் வெட்கம் என்ற சொல்லே கிடையாது. செயலாளர் ஐயாவைப் பார்த்தார், ஐயா தலையை ஆட்டினார். அன்றைக்கே ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று கேட்டபோது அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது பின்னாலிருந்தே தெரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு திருவிருந்து. முதல் பெஞ்சு போனது, இரண்டாவது போனது. தகப்பனும் மகளும் அடுத்தடுத்து முழங்காலிட்டார்கள். எங்கள் பெஞ்சின் முறை வந்தது. நான் ஓரத்தில் இருந்தேன். எழவில்லை. என்னிடம் கடிதம் இல்லை. அவர்கள் கேட்ட இரண்டு வரியை நான் எழுதவில்லை, எழுதப் போவதுமில்லை.

அக்கா எழுந்து நின்றாள்.

"வாரியாட்டி?"

"எனக்கு நிறுத்திட்டாகல்லக்கா."

"எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. எனக்கு எழுதத் தெரிஞ்ச கைக்கு ஒனக்கு எழுதத் தெரியாதாக்கும்?"

பின்பெஞ்சில் யாரோ செருமினார்கள். மகள் இன்னும் அவள் போனை எடுத்தபாடில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளும் உட்கார்ந்துவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி.

"அப்ப காலை ஒதுக்கு" என்றாள்.

ஒதுக்கினேன். சேலை முழங்காலில் உரச, அவள் முன்னால் போனாள்.