குரல் இல்லாத கசெற்

அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய அந்தக் கசெற்றை முதல் தரம் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தரம் தலையிடி வந்தது. இருபதாம் தரம் வந்ததைச் சொல்வதற்கு முன், அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கசெற் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும்.

யுத்த காலம். அப்பா பென்சனை நினைத்து யாழ்ப்பாணத்தில் அரசாங்க வேலையோடு நின்றுவிட்டார். அம்மாவும் நானும் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பதினேழு வயது. அண்ணா ரொறன்ரோ போய் இரண்டு வருடமாகியிருந்தது. கடிதம் எழுத அவனுக்குப் பஞ்சி. அதனால் கசெற்றில் கதைத்து, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவான். நாங்கள் அதைப் பத்துத் தரம் கேட்டுவிட்டு, அவன் குரலுக்கு மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். எங்களைப்போன்ற எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஒரே கசெற் நாலு தரம் கடல் கடந்ததும் உண்டு.

அண்ணாவின் முதல் கசெற் ஒரு மணித்தியாலம். பனி, பஸ், கூட இருந்தவனின் குறட்டை என்று ஒன்றும் விடாமல் சொன்னான். அடுத்தது அரை மணி. அதற்கடுத்தது பத்து நிமிடம், அதிலும் பாதி இருமல். பிறகு ஏழு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அம்மா ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போய்க் கடவுளோடு சண்டை பிடித்துவிட்டு வந்தார்.

கொட்டாஞ்சேனையில் இருந்த பெரியம்மா, கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார ஐயாவின் ரெலிபோனுக்கு எடுத்து, கனடாவால் கசெற் வந்திருக்கிறது என்று சொன்னபோது, அம்மா சாரியைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினார். கொண்டுவந்த கையோடு முகம் கழுவித் திருநீறு பூசி, ரேப் ரெக்கோடருக்கு முன்னால் சம்மணமிட்டு இருந்தார். நான் பட்டனை அமத்தினேன்.

நாலைந்து கிற்றார்கள் ஒன்றையொன்று தூஷணத்தால் ஏசத் தொடங்கின. அதற்குள் எங்கோ ஒருவன், நித்திரையால் அரைகுறையாக எழும்பியவன்போல, இங்கிலிஷில் முணுமுணுத்தான்.

"முன்னுக்குப் பாட்டுப் போட்டிருக்கிறான். இனிக் கதைப்பான்" என்றார் அம்மா.

கதைக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்தது. மற்றப் பக்கம் போட்டோம். அதிலும் அதே கிற்றார், அதே முணுமுணுப்பு. கடைசிப் பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் வெறும் நாடா ஓடியது. அம்மா காதை ரேப் ரெக்கோடரில் ஒட்டிவைத்துக்கொண்டு அதையும் கேட்டார்.

அன்று நான் அண்ணாவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கடல் கடந்து போனவன் தாய்க்கு அனுப்புவதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா? அம்மாவோ தோற்க ஆயத்தமாக இல்லை. அடுத்தநாள் ஒரு கொப்பியை என் மடியில் வைத்தார்.

"நீ இங்கிலிஷ் படிச்சனிதானே. அவன் சும்மா அனுப்பமாட்டான். அந்தப் பாட்டில என்னவோ சொல்லியிருக்கிறான். எழுது."

எழுதினேன். ரியூஷனால் வந்து ஒவ்வொரு பின்னேரமும், ஒரு வரிக்கு ஏழெட்டுத் தரம் முன்னும் பின்னும் ஓடவிட்டு எழுதினேன். பாதி விளங்கவில்லை. விளங்காததை நானே இட்டுக்கட்டினேன். ஒரு பாட்டில் குளிர் என்று ஒரு சொல் வந்தது. அதைக் கேட்டு அம்மா அண்ணாவுக்கு ஸ்வெற்றர் பின்ன நூல் வாங்கிவிட்டார். சிதம்பர சக்கரத்தைப் பேய் பார்த்தமாதிரி நான் அந்தக் கசெற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் அறையில் எதையும் சத்தமாகக் கேட்க முடியாது. வீட்டுக்கார ஐயா நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "தமிழ் ஆக்கள் இருக்கிற இடம் தெரியாமல் இருக்கோணும்" என்பார். குழாயைத் திறந்தாலும் மெல்லத் திறக்கவேண்டும். பஸ்ஸில் நாங்கள் கதைப்பதில்லை. செக் பொயின்ரில் சிரிப்பதில்லை. வீட்டிலும் ரேப் ரெக்கோடரின் சத்தம் ஒன்றாம் இலக்கத்தைத் தாண்டாது. அந்தப் பாட்டுகளும் எங்களோடு சேர்ந்து அடங்கி ஒடுங்கி, ஸ்டேஷன் பிடிபடாத ரேடியோவைப்போல இரைந்துகொண்டிருந்தன.

மூன்றாம் கிழமை அம்மாவுக்கு ஒரு ஞானம் பிறந்தது. பிழை எங்கள் ரேப் ரெக்கோடரில்தானாம். அண்ணாவின் குரல் உள்ளே இருக்கிறதாம், இந்தப் பழசு அதை எடுக்கவில்லையாம். பெரியம்மா வீட்டில் நல்ல செற் இருந்தது. ஒரு சனிக்கிழமை கசெற்றைத் தந்து என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார்.

கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை நிற்பாட்டி இறக்கினார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, பிறகு பை. பொலிஸ்காரர் கசெற்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"கொட்டி சிந்துத?" புலிப் பாட்டா என்று கேட்கிறார்.

"நே சேர். இங்கிரீசி சிந்து" என்றேன்.

அவர் நம்பவில்லை. மண்மூட்டைக் காவலறைக்குள் கிரிக்கெட் கேட்பதற்கு ஒரு ரேடியோ செற் வைத்திருந்தார்கள். அதில் கசெற்றைப் போட்டார். கிரிக்கெட் மச்சுக்கு வைத்த சத்தத்தை அவர்கள் குறைக்கவே இல்லைப் போலும், முழுச் சத்தத்தில் மூன்றாம் பாட்டு காலி வீதியில் வெடித்தது.

எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. கிற்றார்களுக்கு அடியில் ஒரு மெட்டு இருந்தது. அவை அதை மூட மூட அது மேலே மேலே வந்துகொண்டிருந்தது. நான் நித்திரைத் தூங்கி என்று நினைத்தவன் மெல்ல மெல்லக் குரலை உயர்த்தி, நடுவில் வாயை விட்டுக் கத்தினான். எழுதி எழுதி எனக்கு ஒவ்வொரு வரியும் பாடம். அடுத்தது எங்கே ஏறும், எங்கே விழும் என்று தெரிந்து, அது விழுந்த இடத்தில் என் கால் தன்பாட்டில் தாளம் போட்டது. ஒளிந்து ஒளிந்து இருந்த எனக்கு, ஒருவன் இப்படித் தொண்டை கிழியக் கத்துவது பொறாமையாகக்கூட இருந்தது.

பொலிஸ்காரர் முகத்தைச் சுளித்தார். "மேவத் சிந்துத?" இதெல்லாம் ஒரு பாட்டா?

மூன்று கிழமையாக நான் கேட்ட அதே கேள்வி. ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளையை நாங்கள் அடிக்கலாம், றோட்டில் போகிறவன் அடிக்கலாமா?

"ஹொந்த சிந்து சேர். இவர வெனகம் அஹன்ட ஓன" என்றேன். நல்ல பாட்டு, முடியும்வரை கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். வரிசையில் நின்ற ஒரு அன்ரி என் கையைக் கிள்ளினா. பொலிஸ்காரர் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு கசெற்றை எடுத்து நீட்டி, போ என்று தலையை ஆட்டினார்.

பெரியம்மா பத்து நிமிடம் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டா. "கொம்மா என்னை நம்பமாட்டாள். செற்றையும் கொண்டுபோய்க் காட்டு" என்று ஒரு கிழமைக்குத் தந்துவிட்டா. அந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா நல்ல செற்றிலும் கேட்டார். குரல் இல்லை. கசெற்றை வெளியே எடுத்து, "சரி, இதில எங்கட பதிலைப் பதிஞ்சு அனுப்புவம். வாற கிழமை ஒராள் போகுது" என்றார்.

நான் கசெற்றைப் பறித்தேன். அதன் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் பற்கள் இருக்கும். உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. அம்மா பார்த்துக்கொண்டிருக்கவே இரண்டையும் கத்தரிக்கோல் முனையால் உடைத்தேன்.

"பிளாஸ்ரர் ஒட்டிப் பதியலாம். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? அவன்ர குரல் இல்லாத கசெற் என்னத்துக்கு?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"என்ன?"

"எனக்கு இந்தப் பாட்டுப் பிடிச்சிருக்கு, அம்மா. அண்ணாவுக்காகச் சொல்லேல்லை. எனக்குப் பிடிச்சிருக்கு. அழிக்க விடமாட்டன்."

அந்த வருடங்களில் எங்களிடம் எல்லாரும் எல்லாம் கேட்டார்கள். எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எப்போது போவாய். என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து எனக்கு மூக்கு ஒழுகியது. அம்மா என்னையும் கசெற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்ப போய்ப் புதுசு ஒண்டு வாங்கிக்கொண்டு வா" என்றார்.

பழைய ரேப் ரெக்கோடரில் புதுக் கசெற்றைப் போட்டு அம்மா கதைத்தார். அப்பாவின் சுகம், என் படிப்பு, பாதி பின்னிய ஸ்வெற்றர். ஏன் கதைக்கவில்லை என்று அண்ணாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு பெரியம்மாவின் செற்றைக் காட்டி, "போடு அந்த மூண்டாம் பாட்டை. சத்தமாப் போடு. நாங்கள் கேட்டனாங்கள் எண்டு அவனுக்குத் தெரியட்டும்" என்றார்.

போட்டேன். அறையின் ஜன்னல் அதிர்ந்தது. அவன் வாயை விட்டுக் கத்துகிற இடம் வந்தபோது கதவில் யாரோ படபடவென்று தட்டினார்கள். அம்மாவின் கை செற்றை நோக்கிப் போனது. பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது. தட்டல் இன்னும் பலமானது. அதோடு புதுக் கசெற் முடிந்து டக்கென்று நின்றது.

திறந்தால் வீட்டுக்கார ஐயா. வேர்த்துக் கொட்டியது அவருக்கு. "ஒழுங்கை முடக்கில ஆமி நிக்குது. உங்களுக்கென்ன விசரோ?"

"ஓம்" என்றார் அம்மா.

மூன்று கிழமைக்குப் பின் ஒரு காலை, "கனடா!" என்று ஐயா கீழிருந்து கூப்பிட்டார். இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்தோம். ரிசீவர் அம்மாவின் காதில்தான் இருந்தது, ஆனால் அண்ணா கத்தியது எனக்கும் கேட்டது.

"அம்மா, கதவைத் தட்டினது ஆர்? ஆமியோ? தங்கச்சி எங்கை?"

அவன் அழுதுகொண்டிருந்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் சும்மா கேட்டார். பிறகு, பக்கத்தில் நின்ற ஐயாவை நேரே பார்த்தபடி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"வீட்டுக்கார ஐயாதான் தம்பி. உன்ர பாட்டுக்குச் சத்தம் கூடவாம். நாங்கள் குறைக்கேல்லை."