ஒருவருக்கு ஒரு கிளினிக்

அன்று சமூக சுகாதார நிலையத்தின் பின்னறையில் இருந்தவர்கள்: மனேஜர், எங்கள் முதியோர் சங்கச் செயலாளர், நீரிழிவு நர்ஸ், பிளாக்டவுனிலிருந்து நான் காரில் ஏற்றி வந்த இரண்டு அன்ரிமார், ஓர் அங்கிள், பிறகு நான். வேறு யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் இவர்களைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குவது என் வேலை. முன்பு ஒவ்வொரு வருகைக்கும் நிலையத்துக்கு அரசுப் பணம் வந்தது. அதில் ஒரு பங்கு சங்கத்துக்கு, அதிலிருந்து சவாரிக்கு நாற்பது டாலர் எனக்கு. இந்த வருடம் முறை மாறியது. வருகையை எண்ணுவதில்லை, நிலையத்தில் பதிந்த ஆட்களுக்குத்தான் பணம். ஒருவர் ஒரு கிளினிக்கில்தான் பதியலாம்.

மனேஜர் ஆங்கிலத்தில் சொன்னதைச் செயலாளர் தமிழில் சொன்னார். "மூண்டு பேரும் வேற இடத்தில பதிஞ்சிருக்கினமாம். புது முறை தொடங்கினதிலயிருந்து ஒரு சதமும் வரேல்லையாம்."

அடுத்த வாரம் கார் ரெஜிஸ்ட்ரேஷன் முடிகிறது. அதைப் புதுப்பிக்க, வர வேண்டிய சவாரிக் காசைத்தான் நம்பியிருந்தேன்.

"அன்ரி, எங்க பதிஞ்சனீங்கள்?" என்று மூத்த அன்ரியைக் கேட்டேன்.

"ஸ்ட்ராத்ஃபீல்ட் டொக்டரிட்ட. எங்கட ஊர்ப் பிள்ளை. கோயில்ல கண்டு கேட்டவர். முகத்துக்கு நேர மாட்டன் எண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது?"

"அவரிட்ட மருந்துக்குப் போறனீங்களோ?"

"சீ, அது தூரம். ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"நான் அவற்ர தேத்தண்ணியையும் குடிச்சிட்டன்," என்றார் அங்கிள். "பிறகு என்னெண்டு மறுக்கிறது?"

இவர்களை என்ன சொல்வது? பதிவு என்றால் என்னவென்று ஒருவரும் விளக்கவில்லை. சங்கமும் நிலையமும் கூட்டுச் சேர்ந்து கேக் வெட்டிய அன்றே நான் செயலாளரைக் கேட்டேன், காசு வராவிட்டால் யார் பொறுப்பு என்று. "நீங்கள் எல்லாத்துக்கும் பயப்பிடுற ஆள்," என்று தோளில் தட்டினார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதித் தாருங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

இனி மாற்றிப் பதிந்தாலும் போன மாதங்களுக்குப் பணம் வராது என்றார் மனேஜர்.

"அண்ணை, இதைத் தொண்டா நினையுங்கோவன்," என்றார் செயலாளர்.

"பெற்றோல் செட்காரனும் அப்பிடி நினைப்பானோ?"

மனேஜர் அடுத்த கூட்டத்துக்கு எழுந்து போனார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மூத்த அன்ரி கேட்டார். "வாற செவ்வாயும் ஒன்பது மணிதானே, தம்பி?"

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எனக்கும் வரவில்லை. "ஓம் அன்ரி, வாறன்."

பதினாறு சவாரிக்கு எனக்கு இன்னும் வர வேண்டியது அறுநூற்று நாற்பது டாலர்.