போன் பக்கத்துச் சுவரும் ஒரு பாம்பும்

போன மாதம் மன அழுத்தத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி, எங்கள் ஆபீஸ்காரர்கள் எல்லோரையும் வேனில் ஏற்றி மாமல்லபுரத்தில் ஒரு கடலோர ரிசார்ட்டில் இறக்கினார்கள். அங்கே ஒரு பயிற்சியாளர். கிறுக்கலைப் பார்த்தே ஆழ்மனதைப் படித்துவிடுவாராம். ஆளுக்கொரு தாளும் புதுப் பென்சிலும் கொடுத்து, "மனசு போன போக்குல கிறுக்குங்க" என்று உத்தரவு போட்டார். உத்தரவு போட்டால் மனசு எங்கே போகும்? சாப்பாட்டு ஹால் பக்கம்தான் போகும். நான் வெறும் தாளையே திருப்பிக் கொடுத்தேன். அதற்கும் அவரிடம் ஓர் அர்த்தம் தயாராக இருந்தது. பக்கத்திலிருந்த அக்கவுண்டன்ட் வளைந்து ஒரு கோடு போட்டிருந்தார். அது பாம்பாம், அடக்கி வைத்த ஆசையாம். பாவம், மனுஷர் நாள் முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெளியே வந்து ஊரைச் சுற்றினால், பாறைச் சிற்பத்துக்கு முன்னால் இரண்டு கைடுகள். ஒற்றைக் காலில் தவம் செய்யும் ஆளை ஒருவர் அர்ஜுனன் என்கிறார், இன்னொருவர் பகீரதன் என்கிறார். இரண்டு கூட்டமும் பயபக்தியோடு தலையாட்டுகிறது. பார்த்துப் பார்த்துச் செதுக்கியதற்கே இந்தக் கதி. பென்சில் இன்னும் என் கையில் இருந்தது. சீவிய மரத்தின் வாசனை என்னை நேரே ஊரப்பாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

செங்கல்பட்டில் முதல் வேலை கிடைத்து, ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தேன். எல்லோர் கையிலும் செல்போன் வராத காலம். ஹவுஸ் ஓனர் ஹாலில் இருந்த போன்தான் குடித்தனக்காரர்கள் அத்தனை பேருக்கும். அந்த நம்பரைத்தான் ஊருக்கெல்லாம் கொடுத்து, அடுத்தவர் வீட்டு போன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வோம். போன் வந்தால் ஓனர் கூப்பிடுவார். கூப்பிடும் தோரணையைப் பார்த்தால், கம்பத்திலிருந்து ஒயரை அவரே இழுத்துக்கொண்டு வந்தவர் போல இருக்கும். போனுக்கு மேலே காலண்டர், காலண்டர் ஆணியில் நூல் கட்டித் தொங்கும் ஒரு பென்சில்.

பக்கத்து போர்ஷனில் கலா அக்கா. அவர் கணவர் குவைத்தில் டிரைவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேசுவார். அக்கா வாரம் முழுக்க உயிரோடு இருந்ததே அந்த போனுக்காகத்தான். ரிசீவரைக் காதில் வைத்ததும் வலது கை பென்சிலைப் பிடித்துக்கொள்ளும். சுவரில் ஒரு முக்கோணம், அதற்குள் ஒரு முக்கோணம், சுற்றி வட்டம், வட்டத்தைச் சுற்றிப் புள்ளிகள். அம்மாவின் போனுக்காகப் பின்னால் காத்திருக்கும் நான், இது என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கே தெரியாது தம்பி. அவரு பேசிகினே கீறாரா, கை அது பாட்டுக்குப் போவுது."

ஓனருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மகனுக்குப் பெண் தேடும் புரோக்கரிடம் நகை பேரம் பேசும்போதெல்லாம் வளைத்து வளைத்து ஒரு கோடு இழுப்பார். பேரம் நீள நீளக் கோடும் நீளும். பெண் வீட்டார் ஒவ்வொருவராக ஓடிப்போனார்கள். ஓடாமல் என்ன செய்வார்கள்? ஆனால் காரணமாக ஓனர் கண்ணில் பட்டது சுவர்தான். செய்யூர் பக்கத்திலிருந்து ஒரு மந்திரவாதியை அழைத்து வந்தார். அந்த ஆள் கற்பூரத்தைக் கொளுத்திச் சுவரில் காட்டினார்.

"இது சும்மா கிறுக்கல் இல்ல நைனா. எந்திரம். கல்யாணத்தக் கட்டி வெச்சிக்கீது." பிறகு அந்த வளைகோட்டில் விரலை வைத்தார். "இந்தப் பாம்புதான் மெயினு. வர்ற வரன எல்லாம் கொத்திகினு கீது."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்தப் பாம்பு நீங்க போட்டது."

"இன்னா பேச்சு பேசற? என் புள்ளைக்கு நானே சூனியம் வெச்சிக்குவனா?"

அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கிறுக்கல் முழுவதும் கலா அக்கா கணக்கில் எழுதப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடித்தபோது அக்கா ஹால் வாசலில் நின்றிருந்தார். ஓனர் ரிசீவரை எடுத்து, "அப்டி யாரும் இங்க இல்ல" என்று வைத்தார். மறுபடியும் அடித்தது. ரிசீவரை எடுத்துக் கீழே போட்டுவிட்டு டிவி பார்க்க உட்கார்ந்தார். அக்கா அழக்கூட இல்லை, கீழே கிடந்த ரிசீவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா வீட்டைக் காலி செய்தார். பூசணிக்காய் உடைத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளை காய்வதற்குள் புரோக்கர் போன் வந்தது, புதுச் சுவரில் பாம்பு மறுபடி தலை தூக்கியது. அதற்கு யாரும் கற்பூரம் கொளுத்தவில்லை.

சில வருஷம் கழித்து செங்கல்பட்டு ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். சொந்த செல்போனில் குவைத்தோடு பேசிக்கொண்டிருந்தார். வலது கை முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் கையைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"அவரு பேசறப்ப கைய மூடிக்குவேன் தம்பி. எதுனா போட்டுட்டா போனப் புடுங்கிடுவாங்களோன்னு கீது."

பிடுங்க அங்கே யாருமில்லை. பி.பி. நம்பர் போயிற்று, நூலில் தொங்கிய பென்சில் போயிற்று, அந்த வீட்டையே இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். எதற்கும் எனக்கு வருத்தமில்லை. ஓர் அர்த்தமும் இல்லாமல் சந்தோஷமாகச் சுவரில் போய்க்கொண்டிருந்த அந்தக் கைதான், திரும்ப வரவே இல்லை.