நாய்க்கு ஐரோப்பா, பூனைக்கு லேக் கார்டன்ஸ்

மனைவிக்கு நெதர்லாந்துக்கு மாற்றல் உறுதியான அன்று அவளுடைய கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உடன் வரும் குடும்பத்தினர் என்று ஒரு தலைப்பு, உடன் வரும் செல்லப் பிராணிகள் என்று இன்னொரு தலைப்பு. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மதியம் சாப்பிட்ட கையோடு சோபாவில் சுருண்டு படுத்துவிடுகிற நான் இதில் எந்தத் தலைப்பில் வருவேன் என்று மகள் கேட்டாள்.

"ரெண்டுலயும் போட்டு வை. எதுல இடம் கிடைக்குதோ அதுல வரேன்."

அதுவரைதான் சிரிப்பு. பிறகு இரண்டாவது தலைப்பின் கீழ் இருந்த விதிமுறைகளைப் படித்தேன். நான் பயப்படுகிற ஆள் என்று பார்த்தால் தெரியாது. குரல் ஒரு கட்டை ஏறும், ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்பேன், நடுநடுவே "எனக்கென்ன, நான் கூலாத்தான் இருக்கேன்" என்பேன். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வாக்கியமே போதும், உஷாராகிவிடுவார்கள்.

விதிமுறை இதுதான். பிராணியின் தோலுக்கடியில் ஒரு சிப் வைக்க வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும். ஒரு மாதம் காத்திருந்து ரத்தம் எடுத்து, வெளிநாட்டில் அவர்கள் ஒப்புக்கொள்ளும் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் ஊரிலேயே இருக்க வேண்டும். அதன் பிறகுதான் விமானம். வங்கியில் இருந்தபோது கடன் கேட்டு வந்தவர்களை நான் இத்தனை சோதித்திருந்தால் இன்னும் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றிருப்பேன்.

கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் உள்ள எங்கள் வீட்டில் இருப்பது ஒரு நாய், ஒரு பூனை. நாய், மகள் சின்னவளாக இருந்தபோது ஏரிக்கரையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த தெருக்குட்டி. இப்போது வயது ஒன்பது ஆகிறது. அவனை எங்கள் நாய் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். காலையில் கதவைத் திறந்ததும் கிளம்புவான். தேநீர்க் கடையில் பிஸ்கட், இஸ்திரிக்காரரின் மேசைக்கடியில் ஒரு தூக்கம், கிளப்பில் கேரம் ஆடுபவர்களின் காலடியில் இன்னொரு தூக்கம், கடைசியாக எங்கள் கீழ்வீட்டு அம்மாவின் வராந்தாவில் மீன். அந்த அம்மாள் தனியாக இருப்பவர், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். நாங்கள் சுத்த சைவம். அதனால் ராத்திரி திரும்பி வரும் நாயின் வாய் வாசனை பற்றி வீட்டில் யாரும் எதுவும் பேசுவதில்லை. யோசித்தால், அவனுக்கு நாங்கள் வெறும் லாட்ஜ்தான்.

பூனை தானாக வந்து சேர்ந்தவள். மழைக்காலம் ஒன்றில் சமையலறை ஜன்னல் வழியாக வந்தாள், பால் குடித்தாள், போகவில்லை. அவளுக்கும் எனக்கும் ஆகாது. நான் பேப்பர் விரித்தால் அதன் மேல்தான் உட்காருவாள். தலையங்கத்தை அவள் வாலைத் தூக்கித் தூக்கித்தான் நான் படித்து வந்திருக்கிறேன்.

யாரை அழைத்துக்கொண்டு போவது என்ற விவாதத்தில் பூனையின் பெயரே வரவில்லை. பூனைக்கு வீடுதான் முக்கியம், மனுஷன் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மாஷிமா மேலே வந்து சாப்பாடு வைப்பார், பிறகு குடிவருகிறவர்களோடு அவள் ஒட்டிக்கொள்வாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். சண்டையெல்லாம் நாய்க்காகத்தான். மகள், கட்டாயம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாள். மனைவி, வேண்டாம் என்றாள். நான் இரண்டும் சொன்னேன், கேட்டது யார் என்பதைப் பொறுத்து.

எதற்கும் இருக்கட்டும் என்று நாய்க்குச் சிப் வைத்து, ஊசி போட்டு, ரத்தமும் எடுத்து அனுப்பிவிட்டோம். ரத்தம் எடுத்த டாக்டர் அவன் காதைச் சொறிந்தபடி, "கூட்டிட்டுப் போகலாம். பெரிய நாய், அதனால விமானத்தோட அடித்தட்டுலதான் வரணும். ஒன்பது வயசு. என் நாயா இருந்தா நான் ரெண்டு தடவை யோசிப்பேன்" என்றார். நான் வெளியே வருவதற்குள் இருபது தடவை யோசித்துவிட்டேன்.

விமானத்துக்கான கூண்டு ஒன்றை வாங்கி ஹாலில் வைத்துப் பழக்கினோம். நாய் அதைச் சுற்றிவந்து மோந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். உள்ளே மூச்சு முட்டுமோ என்று எனக்குச் சந்தேகம். நானே தவழ்ந்து நுழைந்தேன். பாதி நுழைய முடிந்தது. மீதிப் பாதி ஹாலில் இருந்தபோது மனைவி ஆபீசிலிருந்து வந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு விசா வந்துடுச்சு. இப்படி வர வேண்டியதில்ல."

கூண்டை உண்மையில் பயன்படுத்தியது பூனைதான். நாள் முழுக்க அதில் தூங்கினாள். ஒருநாள் நான் விரட்டிக்கூட விட்டேன், நாயின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறாள் என்று.

பரிசோதனை முடிவு வந்தது. நாய் தேறிவிட்டான். ஐரோப்பா அவனை ஏற்கத் தயார். நாங்கள்தான் தயாராக இல்லை. மகள் அழுதாள், மனைவி அவள் அறைக்குப் போய் அவளோடு உட்கார்ந்தாள், திரும்பி வந்து என்னிடம், "நாம இல்லாம அவன் எப்படி இருப்பான்னு பார்த்துட்டா என்ன?" என்றாள். நான்கைந்து நாள் ஊருக்குப் போவது, நாயை மாஷிமாவிடம் விடுவது, பூனையை வீட்டிலேயே விடுவது, திரும்பி வந்து நிலவரம் பார்ப்பது. நல்ல யோசனைதான். நான் அதைக் கெடுத்தேன். சென்னைக்குப் போய்விட்டால் ஏதாவது ஒன்று என்றால் எப்படி ஓடி வருவது? ஜாதவ்பூரில் மனைவியின் தங்கை வீடு இருக்கிறது, ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிஷம். அங்கே போய் உட்கார்ந்துகொள்வோம், தெருவுக்குச் சென்னை என்று சொல்லிக்கொள்வோம் என்றேன்.

"மாஷிமாகிட்ட பொய் சொல்லணுமா?" என்றாள் மகள்.

"உண்மையைச் சொன்னா அவன் தும்மினாக்கூட ஃபோன் வரும். அப்புறம் அது டெஸ்ட்டே இல்ல."

என் வாதம் பலமானது. அதில் ஓட்டை என்னவென்றால், ஃபோன் வராததையும் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டிகளோடு ஊரறியக் கிளம்பி ஜாதவ்பூரில் இறங்கிய மறுநாள் காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாய் கதவைப் பிறாண்டுகிறான், சாப்பிட மறுக்கிறான், மாஷிமா வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கிறார் என்று முழுப் படமும் எனக்குள் ஓடிவிட்டது. மருந்துக்கடைக்குப் போவதாகச் சொன்னேன். மச்சினி வீட்டு ஆணியில் ஒரு குரங்குக் குல்லா தொங்கியது, கண்ணும் மூக்கும் தவிர எல்லாம் மூடுகிற கம்பளிக் குல்லா. குளிர்காலத்தில் கல்கத்தாவில் பாதிப்பேர் அதற்குள்தான் இருப்பார்கள். அதைவிட நல்ல வேஷம் இந்த ஊரில் கிடையாது.

ஆட்டோவைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு யாரோ போல நடந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பேச்செல்லாம் அங்கே வங்காளத்தில்தான். என் வங்காளத்தை அப்படியே எழுதினால் கேட்டவர்கள் மனம் புண்படும், தமிழிலேயே தருகிறேன்.

கடைக்காரர் பால் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன காகு, சென்னையில குளிர் எப்படி?"

காகு என்றால் சித்தப்பா. தெருவில் என் உத்தியோகப் பெயர்.

நான் குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் சர்க்கரை குறைவாக, நான் எப்போதும் குடிக்கிற மாதிரியே ஒரு மண்குவளையில் ஊற்றி நீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்திரிக்காரர், "நாலு சட்டை ரெடியா இருக்கு, இப்பவே குடுத்துடட்டுமா, இல்ல சென்னையிலேருந்து வந்தப்புறமா?" என்று கேட்டார். குல்லா உள்ளே வேர்க்க ஆரம்பித்தது.

அப்போது எதிர்க்கேட் திறந்து மாஷிமா பையோடு வந்தார். பின்னால் நாய். இளைக்கவில்லை, சோர்வில்லை, எப்போதும்போல அந்தத் தெருவே தன்னுடையது என்ற நடை. என்னைக் கடந்தவன் நின்றான், திரும்பி வந்து என் கையை மோந்தான். வால் நன்றாகவே ஆடியது. நான் குனிந்து, "டேய்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் மாஷிமா மீன்காரர் பக்கம் திரும்பிவிட்டார். நாய் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மரியாதைக்கு இன்னும் இரண்டு முறை வாலை ஆட்டிவிட்டு அவர் பின்னால் போனான். கல்யாணவீட்டில் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்தால் நானும் இப்படித்தான் செய்வேன்.

மாஷிமா மீனை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இந்தக் குல்லா உனக்கு நல்லாயில்ல."

"மாஷிமா, அது வந்து..."

"சென்னைக் கதையெல்லாம் அப்புறம் சொல்லு. இவன் நல்லாத்தான் இருக்கான். மேல வா. உங்க பூனை நேத்திலேருந்து ஒரு வாய் சாப்பிடல."

பூனையா என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்க நினைத்தேன், குரல் ஒரு கட்டை ஏறியே வந்தது.

மாஷிமா வைத்த பால் தட்டில் ஏடு கட்டியிருந்தது. தயிர்சாதம் காய்ந்து கிடந்தது. பூனை வாசற்கதவுக்குள்ளேயே, கதவடியில் பேப்பர்காரர் தள்ளிவிட்டுப் போயிருந்த பிரிக்காத பேப்பரின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கத்தினாள் பாருங்கள். என் மேனேஜர்கூட என்னை அப்படித் திட்டியதில்லை. தட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துத் தரையில் உட்கார்ந்தேன், குல்லாவைக் கழற்றினேன். என் முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டே தட்டில் வாய் வைத்தாள். நான் எழுந்தால் நிறுத்தினாள், உட்கார்ந்தால் சாப்பிட்டாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் மாஷிமா. மீன் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கீழே போய்விட்டார்.

ஜாதவ்பூருக்கு ஃபோன் செய்தேன். மருந்துக்கடை லேக் கார்டன்ஸில்தான் இருக்கிறதா என்று மனைவி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம், மச்சினியோடு மூன்று.

"அப்ப போக வேண்டியதுக்கு ரத்தம் எடுக்கல, எடுத்தது போகப் போறதில்ல" என்றாள் மனைவி. கணக்கில் அவள் எப்போதும் கெட்டி.

மகள் மட்டும் விடவில்லை. "ரெண்டு தடவை வால் ஆட்டிட்டுப் போனா அது ப்ரூஃபா அப்பா? உங்களப் பார்த்தா நானே அவ்வளவுதான் ஆட்டுவேன். நான் போய்ப் பார்க்கறேன்."

அன்று சாயங்காலம் எல்லாரும் பெட்டிகளோடு வீடு திரும்பினோம். மகள் மேலே வராமல் நேரே மாஷிமாவின் வராந்தாவுக்குப் போனாள். நாய் அவள் மடியில் தலை வைத்தான். நான் மேலே பால்கனியிலிருந்து துணி எடுக்கிற பாவனையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காதில் அவள் ஏதேதோ சொன்னாள், பாதி வங்காளத்தில், பாதி தமிழில். விளக்கு போடும் நேரத்தில் எழுந்து, கேட்டுக்கு வெளியே போய், வா என்று கூப்பிட்டாள். அவன் கேட் வரைக்கும் வந்தான். அங்கே நின்றான். அவள் தெருவில் கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தாள். அவன் வாலை ஆட்டியபடி அங்கேயே நின்றான்.

மேலே வந்தவள் என்னைத் தாண்டி நடந்தாள். அம்மாவிடம் போய், "ஸ்டேஷன்ல வந்து வழியனுப்பற மாதிரி நின்னான்மா" என்றாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "அங்க அவனுக்கு யாரும்மா தெரியும்? கேரம் கிளப் இருக்கா, மாஷிமா இருக்காங்களா? நாம மூணு பேருதான். போதாது அவனுக்கு" என்றாள். மூன்று மாதமாக வீட்டில் நடந்த பேச்சில் உருப்படியானது இது ஒன்றுதான். அதைச் சொல்லவேண்டிய ஆளும் அவள்தான்.

மறுநாள் மாஷிமாவிடம் போய்ச் சொன்னோம். நான் ஒரு சின்ன உரை தயாரித்து வைத்திருந்தேன், இவனை உங்களிடம் ஒப்படைக்கிறோம் என்று ஆரம்பிக்கும். அவர் நடுவிலேயே வெட்டினார்.

"நீ எங்கப்பா ஒப்படைக்கற? ராத்திரிக்குத்தான உங்க வீட்டுக்கு வரான். இனிமே அதுக்கும் இங்கயே இருப்பான். ஊசி போட்ட அட்டைய மட்டும் குடுத்துட்டுப் போ." பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "வாரத்துக்கு ஒரு தடவை வீடியோவுல பேசணும். அவனுக்காக இல்ல, எனக்காக" என்றார்.

பூனைக்கு வேலைகள் ஆரம்பமாயின. சிப், ஊசி, ஒரு மாதம், ரத்தம், மூன்று மாதம். எப்படிக் கூட்டினாலும் மனைவி வேலையில் சேர வேண்டிய தேதிக்குள் அவளுக்கு முடியாது. யாராவது ஒருவர் பின்தங்கி அவளோடு வர வேண்டும். வேலையில்லாதவன், பள்ளிக்கூடம் இல்லாதவன், பூனை யார் கையால் சாப்பிடுகிறதோ அவன், மூன்றும் ஒரே ஆள். ஓட்டெடுப்பே நடக்கவில்லை. ஒரு நல்ல செய்தி, பூனை சின்ன உருவம், பையில் வைத்து என் காலடியிலேயே கொண்டு போகலாம் என்றார்கள். அந்தப் பெரிய கூண்டை டாக்டரிடமே கொடுத்துவிட்டேன்.

மகளின் பரீட்சை முடிந்ததும் அவளும் மனைவியும் கிளம்பினார்கள். டாக்ஸியில் பெட்டி ஏற்றும்போது தெருவே வந்து நின்றது. நாய் ஒவ்வொரு பெட்டியாக மோந்தான். மகள் குனிந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், அவன் பொறுமையாக நின்றான், அவள் காதை ஒருமுறை நக்கினான். டாக்ஸி நகர்ந்தது. நான்கு வீடு தாண்டுவதற்குள் அவன் திரும்பி, தேநீர்க் கடையில் யாரோ நீட்டிய பிஸ்கட்டுக்குப் போய்விட்டான். விமான நிலையம் வரைக்கும் நானும் கூடப் போனேன். மகள் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தெரு மறைந்த பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "திரும்பிக்கூடப் பார்க்கலப்பா" என்றாள்.

"வருத்தமா இருக்கா?"

"இல்ல. பார்த்திருந்தாத்தான் நான் இறங்கியிருப்பேன்."

மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் டிரைவரிடம், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோமா என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்தேன். பூனை காத்திருந்தாள், பசியோடு, கோபத்தோடு.