மூன்று கம்பு தூரம்

கையுறையைக் கழற்றாமலே டாக்சியின் வலது முன்விளக்கில் ஒரு தட்டு, இடது விளக்கில் ஒரு தட்டு. அதன் பிறகுதான் கதவைத் திறப்பாள் எல்வி. மாட்டை அவிழ்க்குமுன் முதுகில் தட்டிக் கொடுப்பார்களே, அந்தத் தட்டு. வடகோடிப் பனியூரான லெஹ்தோவாராவுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவளை முதலில் சந்திப்பது இந்தக் கோலத்தில்தான். பேருந்தை விட்டு இறங்கி, பெட்டியும் கையுமாக வாய் பிளந்து நிற்பவனிடம் அவள் பெயர் கேட்பதில்லை. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஏறு. பனியில நிக்கிறதுக்குச் சம்பளமா குடுக்கப் போறாங்க?" என்பாள். ஏறியவனுக்கு ஒரு உப்பு மிட்டாய் கிடைக்கும். அதை முகம் சுளிக்காமல் சப்பினால் ஊரில் நிலைத்துவிடுவான் என்பது அவள் கணிப்பு. பெரும்பாலும் தவறியதில்லை.

எல்விக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்த டாக்சி. இருபத்தெட்டு குளிர்காலமாக ஓட்டுகிறாள். எந்த வளைவில் பனி முதலில் இறுகும், எந்தப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அறையும் என்பதெல்லாம் அவளுக்கு வீட்டு அடுக்களை போல. வண்டியில் ரேடியோ போடமாட்டாள். "காது ஒரு பக்கம் போச்சுன்னா கண்ணும் அது பின்னாலயே போயிரும்" என்பாள். வண்டியைவிட வயதான பழுப்பு நிற ஆட்டுத்தோல் கோட்டு ஒன்று உண்டு. அதில் ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம்.

எதைக் கேட்டாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "பாத்துட்டுச் சொல்றேன்." கட்டிக்கொள்ளக் கேட்ட மனிதருக்கும் இதே பதில்தான் கிடைத்ததாம். பார்த்துவிட்டுச் சொல்லப் பதினோரு மாதம் ஆயிற்று என்று அவள் கணவர் இன்றும் விருந்தாளிகளிடம் முறையிடுவார். எல்வி அசரமாட்டாள். "சொன்னேன்ல?"

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவள் வண்டியின் பின்னிருக்கை ஹெல்மருக்கு உரியது. எழுபத்துமூன்று வயது, முப்பத்தாறு வருடம் மரலாரி ஓட்டியவர், இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி நகரத்து மருத்துவமனையில் நான்கு மணி நேரம் அவர் ரத்தத்தை இயந்திரம் கழுவித் தரும். திரும்பக் கிளம்பும்போது பிற்பகல் இரண்டு மணி இருக்கும். டிசம்பரில் அந்த ஊரில் இரண்டு மணியைப் பகல் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான், வானம் அடுப்புக்கரியாகிவிடும். கழுவிய ரத்தம் உடம்பில் ஓடும்போது ஹெல்மருக்குக் குளிர் எலும்புக்குள் இறங்கும். "குளிருதா பெரியவரே?" என்று எல்வி கேட்பாள். "எனக்கா? நான் வடக்க மைனஸ் நாப்பதுல டயர் மாத்துனவன்" என்பார். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பார்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் பழைய வண்டி ஓய்வு கேட்டது. கார் விற்கும் ஸ்டெல்லன், எல்வியின் பக்கத்து வீட்டுப் பையனாக இருந்து மீசை முளைத்தவன், அவள்முன் ஒரு தாளை வைத்தான். புது வண்டி முடிவாகிவிட்டது. மேற்கொண்டு சேர்க்க இரண்டு ஆசை, இரண்டில் ஒன்றுக்குத்தான் எல்வியின் கையில் காசு. ஒன்று, பின்னிருக்கையைச் சூடாக்கும் வசதி. மற்றது, இருபத்தோராயிரம் குரோனர் கூடுதலான முன்விளக்கு. எதிரே வண்டி வந்தால் அந்த வண்டியை மட்டும் நிழலில் விட்டுவிட்டு, சுற்றிலும் முழு வெளிச்சத்தை வைத்திருக்கும் விளக்கு.

"விளக்கையே எடுங்கக்கா. ராத்திரி பகலாயிரும்."

"பகலையே இங்க நாங்க பாத்ததில்ல. சீட்டு சூடாகுறத எழுது... இரு, எழுதாத. பாத்துட்டுச் சொல்றேன்."

எழுதாதே என்று தடுத்ததற்குக் காரணம் இருந்தது. நவம்பரில் ஒரு பனிமான் இருட்டிலிருந்து கிளம்பி, பம்பரை உரசிக்கொண்டு மறு இருட்டுக்குள் போயிருந்தது. பின்னால் ஹெல்மர் இருந்தார். மயிரிழையில் தப்பினார்கள். அதைப் பற்றி இருவரும் அதன் பிறகு பேசவே இல்லை.

மறுநாள் ஸ்டெல்லனிடமிருந்து ஓட்டிப் பார்க்க இரண்டு வண்டிகளை இரவல் வாங்கினாள், ஒன்றில் சாதா விளக்கு, மற்றதில் விலை கூடிய விளக்கு. அந்தப் பக்கத்து ஆட்கள் தூரத்தை மீட்டரில் சொல்வதில்லை, கம்பில் சொல்வார்கள். பனி மூடினாலும் சாலையின் விளிம்பு தெரிய வேண்டுமென்று ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக நட்ட கம்புகள். தலையில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. எல்வி எண்ணினாள். சாதா விளக்கில் ஏழு கம்பு தெரிந்தது. விலை கூடியதில் பத்து. தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் பனிக்கட்டிமேல் வண்டியை நிறுத்த அவளுக்கு மூன்று கம்பு போதும். ஏழு கிடைக்கும்போது பத்து எதற்கு?

வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில் முடிவை அறிவித்தாள். சாலையோரக் கம்புகளில் கறுப்பு பிளாஸ்டிக் பைகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். மான் கூட்டம் பக்கத்தில் இறங்கியிருக்கிறது என்று மேய்ப்பர்கள் சொல்லும் சேதி அது.

"உங்க முதுகுக்கு நல்ல காலம், பெரியவரே. சூடு போட்ட சீட்டு வருது."

"விளக்கு?"

"சாதா விளக்கே ஏழு கம்பு காட்டுது. எண்ணிப் பாத்துட்டேன்."

பின்னிருக்கையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி மறுபடி சிரிப்பானது.

"ஏம்மா எல்வி, கம்பு அங்க எதுக்கு நிக்குது?"

"நாம பாக்கத்தான்."

"அதான். அது உன் கண்ணுல படணும்னே தலையில பட்டை கட்டிக்கிட்டு நிக்குது. மான் அப்படியா நிக்கும்? சேறு மாதிரி நிறம், உனக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்கும்."

எல்வி வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.

"நான் ஏழு மான் இடிச்சிருக்கேன்" என்றார் ஹெல்மர். சிரிப்பு போயிருந்தது. "ஏழையும் பாத்தப்புறம்தான் இடிச்சேன். பாக்காம இடிச்சது ஒண்ணுகூட இல்ல. பாத்துக்கிட்டே போயி இடிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்."

டயர் ஆணிகள் பனியைக் கடித்துக்கொண்டு ஓடின. இருபத்தாறு குளிர்காலம் ஓட்டியவள், ஊரே எண்ணுகிறதென்று தானும் மின்னும் கம்பை எண்ணியிருக்கிறாள். தப்பு என்று வாயால் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. உப்பு மிட்டாய் டப்பாவைத் திறந்து பின்னால் நீட்டினாள். மருத்துவர் வேண்டாமென்று சொன்ன பண்டம். அவரும் எடுக்கவில்லை, அவளும் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. அதுதான் அவள் பாஷையில் ஒப்புதல்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஸ்டெல்லனையும் அந்த இரண்டு வண்டிகளையும் சாலைக்கு இழுத்து வந்தாள். கோட்டைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

"இதைக் கொண்டுபோய் ரெண்டு கம்புக்கு நடுவுல ஏதாவது பிர்ச் மரத்துல மாட்டு. எங்கன்னு எனக்குச் சொல்லாத."

"அக்கா, மைனஸ் இருபத்தெட்டு. நீங்க விறைச்சுப் போவீங்க."

"அப்ப சீக்கிரம் மாட்டு."

வெறும் கம்பளிச் சட்டையோடு பல் கிட்டிக்க ஓட்டினாள். கோட்டு கண்ணில் பட்ட இடத்தில் பிரேக்கை மிதித்து, இறங்கி, கோட்டுவரை நடந்து கம்புகளை எண்ணினாள். சாதா விளக்கில் அந்தப் பழுப்புக் கோட்டு இரண்டு கம்பு தூரத்தில்தான் தெரிந்தது. விலை கூடியதில் நான்கு. அடுத்து, ஸ்டெல்லனை இன்னொரு வண்டியில் எதிரே வரச் சொன்னாள். அவன் வண்டிக்காக வெளிச்சத்தைத் தாழ்த்தியபோது சாதா விளக்கில் கோட்டு காணாமலே போனது; ஒரு கம்புக்கும் குறைவான தூரத்தில், கிட்டத்தட்ட கையெட்டும் இடத்தில், திடீரென்று முளைத்தது. அந்த நேரத்தில் அது கோட்டாக இல்லை. எல்வியின் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

வண்டிகளை மாற்றிக்கொண்டு மறுபடி ஓட்டினாள், கோட்டையும் இடம் மாற்றச் சொல்லி. எதிரே ஸ்டெல்லன் வந்தான். விளக்கு அவன் வண்டியை மட்டும் நிழலில் ஒதுக்கியது, காட்டோரம் அப்படியே வெளிச்சத்தில் நின்றது. மூன்று கம்பு தூரத்தில் கோட்டு கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதை அவள் பார்த்தாள். வேறு நிறப் பித்தான்கூடத் தெரிந்தது என்று பிற்பாடு சொல்வாள். அது கொஞ்சம் அதிகம்.

இறங்கிய எல்வி கோட்டை நோக்கிப் போகவில்லை. குனிந்து விளக்கின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அவள் முகம் மாறியது.

"டேய், இது ஏன் சில்லுன்னு இருக்கு?"

"புது மாதிரி விளக்குக்கா. சூடு வராது."

"ஐஸ் பெட்டிக்குள்ள எரியுற பல்பு மாதிரி இருக்கு. என் பழைய விளக்கு மேல பனி விழுந்தா தானே உருகி ஓடிரும். இதுல?"

ஸ்டெல்லன் தலையைச் சொறிந்தான். "ஒட்டிக்கும்."

"சாதாவுல?"

"அதுவும் ஒட்டிக்கும்க்கா. புதுசு எல்லாமே இப்படித்தான்."

"அப்ப இருபத்தோராயிரத்தை வாங்கிக்கிட்டு, பனி பெஞ்சா துடைக்கிற வேலையையும் என் தலையிலயே கட்டுற."

கோட்டைப் போட்டுக்கொண்டு, வண்டியின் மூக்கின்மேல் தாளை விரித்து அங்கேயே கையெழுத்துப் போட்டாள். விளக்குக்கு. பேனா மை உறைந்திருந்ததால் வாயில் வைத்து ஊதி ஊதி எழுத வேண்டியிருந்தது. அவசரப்பட்டு எடுத்த முடிவல்ல. பதறாத காரியம் சிதறாது. கையெழுத்துப் போட்டபின் அதைப் பற்றி அவள் ஒருமுறையும் புலம்பியதில்லை.

புது வண்டியின் முதல் திங்கட்கிழமை, பின்னிருக்கையில் இரண்டு பனிமான் தோலும் துணியில் சுற்றிய வெந்நீர்ப் பையும் இருந்தன. ஹெல்மர் கதவைத் திறந்து பார்த்தார்.

"இது என்ன, என்னை அடைகாக்கப் போறியா?"

"முட்டை பேசாது, பெரியவரே. ஏறுங்க."

"எனக்குக் குளிரலைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"தோலுக்குக் குளிருது. கொஞ்சம் அதுமேல உக்காந்து சூடு குடுங்க."

உட்கார்ந்தார். அன்று திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். கைகள் இரண்டும் மடிமேல் இருந்தன.

பனி தூவும் நாட்களில், மரலாரிகளின் பின்னால் எழும் வெண்புகையில் முப்பது கிலோமீட்டர் போனால் விளக்கு சாக்குக்குள் வைத்த மாதிரி மங்கிவிடும். ஆகவே பாதி வழியில், பேருந்து நிழற்குடை அருகே வண்டியை நிறுத்துவது புதுப் பழக்கமாயிற்று. எல்வி இறங்கி, கையுறையால் வலதைத் துடைத்து இடதுக்குப் போவாள். மூன்றாம் வாரம் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"உள்ள போங்க. விழுந்து வச்சீங்கன்னா நான்தான் தூக்கணும்."

"இடது என்னோடது" என்றார் ஹெல்மர். "விளக்கு வாங்கச் சொன்னவன் நான். பாதி வேலை எனக்கு."

தன் வண்டியில் தன் கணவரைக்கூடத் துணியால் துடைக்க விடாதவள் எல்வி. "பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். இந்த முறை பதினோரு மாதம் ஆகவில்லை.

இது அவளுக்கு இருபத்தெட்டாவது குளிர்காலம். திங்கள், புதன், வெள்ளி அதே சாலை, அதே இருவர். ஹெல்மரின் கால் முன்னைவிடத் தளர்ந்திருக்கிறது. கதவிலிருந்து விளக்குவரை வண்டியைப் பிடித்துக்கொண்டே வருகிறார், இடது விளக்கைத் துடைக்க வலதைவிட மூன்று பங்கு நேரம் எடுக்கிறார், மூலையில் ஒட்டிய பனியை நகத்தால் சுரண்டுகிறார். எல்வி அவசரப்படுத்துவதில்லை. தன் பங்கை முடித்ததும் சுற்றி வந்து, கோட்டின் பித்தான்களைக் கழற்றி, இரு ஓரங்களையும் அகல விரித்துப் பிடித்தபடி, காற்று வரும் பக்கமாக அவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள், சாலையைப் பார்ப்பவள்போல.