செவுத்துக்கு அந்தாண்ட

ஹாலுக்குள் நுழைந்ததும் சுசித்ரா நான்கு சுவர்களையும் விரல் முட்டியால் இரண்டிரண்டு தட்டு தட்டுகிறார். டி.வி. எங்கே வரும், சோபா எங்கே வரும் என்று வீட்டுக்காரர் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருப்பார். அதில் பாதி இவர் காதில் ஏறுவதில்லை. ஏதாவது ஒரு சுவரில் தட்டிய கை நின்றுவிடும். "செவுத்துக்கு அந்தாண்ட யாருங்க?" என்று கேட்பார். வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது. யாரோ ஒரு குடும்பம், சேலம் பக்கமோ என்னவோ என்று இழுப்பார். அதற்குள் சுசித்ரா வாசலில் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போயிருப்பார்.

வீட்டுச் சுவருக்குள் ஸ்பீக்கர் பதிப்பதும் அதற்கு வயர் இழுப்பதும் அவர் தொழில். சுவரில் காடி வெட்டி, பைப் புதைத்து, அதற்குள் ஸ்பிரிங் விட்டு வயரை இழுத்து, மேலே பூசிவிட்டால் பெட்டி எதுவும் கண்ணில் படாது. சத்தம் மட்டும் முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் வரும். ஓசூரில் இப்போது கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லோருக்கும் வீட்டுக்குள் ஒரு தியேட்டர் வேண்டும். முப்பத்தைந்து வயது சுசித்ரா சூளகிரியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார், பக்கவாட்டில் பைப் கட்டு நீட்டிக்கொண்டிருக்கும். சுவர் வெட்டும்போது தூசுக்காகத் தலையில் ஒரு பிளாஸ்டிக் குளியல் தொப்பி போட்டுக்கொள்வார், அதைக் கழற்ற மறந்து டீக்கடை வரை போய்விடுவதும் உண்டு. தாமதமானால், சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டுக்கு வந்துவிட்டது என்பார். அவர் கணக்கில் வாரத்துக்கு இரண்டு முறை யானை வருகிறது. நாங்கள் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை, சில நாள் அது உண்மையாகவும் இருக்கும்.

சொந்த ஊர் பர்கூரை அடுத்த ஒரு கிராமம். அப்பா கல்குவாரியில் வேலை செய்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மறுமாதமே சுசித்ரா சிப்காட்டுக்கு வந்து, வண்டிகளுக்குள் போகும் வயர்க் கட்டுகளைத் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். ஒன்பது வருடம் நின்றுகொண்டே வேலை. வயரின் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்பது அங்கே படித்த பாடம். இவர் மூன்றாவதாக ஒன்றை நடுவிலும் ஒட்டுகிறார். நடுப்பகுதி சுவருக்குள் போய்விடுமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நாளைக்கு ஒடைக்கிறவன் பாப்பான்ல சார்" என்றார். தமிழ் பேசுவார், வீட்டுக்காரர் தெலுங்கென்றால் தெலுங்கு பேசுவார், டேப்பை நீட்டி அளவு எண்ணும்போது மட்டும் கன்னடம். கம்பெனியில் பக்கத்தில் நின்று வேலை பார்த்த கர்நாடகத்து ஆனேக்கல் பெண்ணிடமிருந்து ஒட்டிக்கொண்டதாம்.

வேலை முடிந்ததும் மற்றவர்கள் வெடிகுண்டு வெடிக்கிற படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். சுசித்ரா போடுவது ஆடு. குந்தாரப்பள்ளிச் சந்தையில் நின்று போனில் பதிவு செய்த பத்து நிமிடச் சத்தம் அவரிடம் இருக்கிறது: ஆடு கத்துகிறது, ஒருவர் விலை பேசுகிறார், ஒரு மாடு செருமுகிறது. அதை ஒவ்வொரு ஸ்பீக்கராக மாற்றி மாற்றி ஓடவிடுவார். குண்டு எப்படி வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எந்த ஸ்பீக்கரிலும் அது நன்றாகத்தான் இருக்கும்; ஆடு எப்படிக் கத்தும் என்று எல்லோருக்கும் தெரியும், அதில் ஏமாற்ற முடியாது என்பது அவர் கட்சி. பின்சுவரில் ஆடு கத்தும்போது வீட்டில் உள்ள அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். திரும்பிவிட்டு அசடு வழிகிறார்கள். நானும் திரும்பியவன்தான்.

என் வீட்டுக்கு இரண்டே இரண்டு ஸ்பீக்கர் வைக்க வந்தபோதும் அதே கேள்வியைக் கேட்டார். அந்தாண்ட தண்ணீர்த் தொட்டிதான் அம்மா என்றேன். நம்பாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இதென்ன வீம்பு என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. டீ குடிக்கும்போதுதான் காரணம் சொன்னார்.

மூன்று வருடத்துக்கு முன் வேறொரு குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஸ்பீக்கர் பதித்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான நான்கு அங்குலச் சுவர். வேலை சுத்தமாக வந்தது, வீட்டுக்காரர் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். சுவருக்கு மறுபக்கம் ராஜப்பன் என்று ஒருவர், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இரவு வேலை பார்ப்பவர், பகலில்தான் தூங்க வேண்டும். இரண்டு முறை வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர்கள் அன்றைக்குக் குறைத்துவிட்டு மறுநாள் கூட்டியிருக்கிறார்கள். ஒன்றரை மாதம் கழித்து ஏதோ சின்னக் கோளாறைச் சரி செய்யப் போன சுசித்ரா, பக்கத்து வாசலில் வலது கையில் கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மூன்று விரல்கள் போயிருந்தன. மெஷினில் கண் அசந்துவிட்டார் என்றார்கள்.

"அதனாலதான்னு யாரும் சொல்லல சார்" என்றார் சுசித்ரா, டீயைக் குடிக்காமல் கையில் வைத்தபடி. "அதனால இல்லன்னும் யாரும் சொல்லல."

கம்பெனி நாட்களில் அவரும் ஷிப்டுப் பெண்தான். ஒரு அறையில் ஆறு பேர், மூன்று கட்டில். இவர் எழுந்தால் இன்னொருத்தி அதே தலையணையில் படுப்பாள். பகல் தூக்கம் எவ்வளவு மெல்லியது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அன்று தோன்றவில்லையே என்பதுதான் அவருக்கு ஆறாத குறை. அதற்குப் பிறகு மறுபக்கம் பார்க்காமல் அவர் எந்தச் சுவரிலும் கை வைத்ததில்லை.

எங்கள் தெருவில் எனக்கு எதிர்வீட்டு ராஜ்குமாருக்கு சுசித்ராவைச் சிபாரிசு செய்தது நான்தான். ராஜ்குமார் பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார். பூ லோடு விடிவதற்குள் கிளம்பிவிடும், காலை பத்து மணிக்கு மேல் அவருக்கு ஓய்வு, ஓய்வென்றால் சினிமா. சுசித்ரா தட்டிக்கொண்டே போய், சோபாவுக்குப் பின்னால் வரும் சுவரில் நின்றார். எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் அதுவும் பொதுச்சுவர்தான். மறுபக்கம், அடுத்த வீட்டில், சென்னப்பன் குடும்பம். சென்னப்பன் ஃபவுண்டரியில் இரவு வேலை பார்க்கிறார் என்று சுசித்ரா வந்து சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. ஆறு வருடமாக எதிர்வரிசையில் இருக்கிறேன். காய்கறி வண்டிக்காரரைப் பத்தரை மணிக்கு மாடியிலிருந்து கூவி அழைப்பது என் வழக்கம். நினைத்துப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பின்பக்க ஸ்பீக்கரை இந்தச் சுவரில் வெட்டிப் பதிக்க வேண்டாம், ஐந்து அங்குலம் தள்ளி இன்னொரு சுவர் எழுப்பி அதில் வைக்கலாம் என்றார் சுசித்ரா. ஹால் குறுகிவிடும் என்று ராஜ்குமார் ஒத்துக்கொள்ளவில்லை. பெங்களூர் ஆள் ஒருவர் ஒரே நாளில் வெட்டிப் பதித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், நீ ஏன் சுற்றி வளைக்கிறாய் என்றார். தன் வீட்டுச் சுவரில் தான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்.

"இந்தாண்ட பாதி உங்களுதுண்ணா" என்றார் சுசித்ரா. "அந்தாண்ட பாதி அவங்களுது. ஒரே ஒரு தடவ அங்க படுத்துப் பாத்துட்டு வாங்க. அப்பறமும் வெட்டச் சொன்னீங்கன்னா, வேற ஆளு வெச்சுக்கோங்க."

ராஜ்குமாரின் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் இவர் வீட்டு வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருந்தார்கள். இந்த வீடு கைவிட்டுப் போனால் அத்தனையும் போகும். அது சுசித்ராவுக்கும் தெரியும். சொல்லிவிட்டு அவர் பைப்புகளைக் கட்டத் தொடங்கியிருந்தார்.

ராஜ்குமார் போனார். முறைப்போடுதான் போனார், ஆனால் போனார். மாலை நான்கு மணி, சென்னப்பன் எழுந்து வெளியே போயிருந்தார். அவர் மனைவி ஜோதிமணி அறையைக் காட்டினார். ஜன்னலில் கறுப்புக் கம்பளி ஆணியடித்துத் தொங்கியது. காலிங் பெல்லின் வயரைப் பிடுங்கி முடிந்து வைத்திருந்தார்கள். மதியம் மூன்று மணி வரை குக்கருக்கு விசில் போடுவதில்லையாம், சோறு வடித்துத்தான் சாப்பிடுகிறார்கள். கட்டிலின் தலைமாடு சரியாக அந்தச் சுவரில் முட்டியிருந்தது. வேறு எந்தப் பக்கம் போட்டாலும் கதவு திறக்காது. சுசித்ரா ராஜ்குமார் வீட்டுப் பக்கம் அதே சுவரை ஒட்டிச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்துவிட்டு வந்திருந்தார். ராஜ்குமார் படுக்கவில்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தலையை மட்டும் சுவரில் சாய்த்தார். தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல ஆடு கத்தியது.

ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு குரலும் கேட்டது. ராஜ்குமாரின் மனைவி பிரியா தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார், இவருக்குத் தியேட்டர் பைத்தியம் பிடித்த கதையை. ஒரு வார்த்தை விடாமல் விழுந்தது. ராஜ்குமாரின் முகம் போன போக்கைப் பார்த்து ஜோதிமணி தணிந்த குரலில் சொன்னார்: "அக்கா பேசறதெல்லாம் கேக்குங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்கறதில்ல."

ராஜ்குமார் எழுந்து, "அஞ்சு இன்ச்சுல முடிச்சிருவியாம்மா?" என்று சுசித்ராவிடம் கேட்டார்.

பழைய சுவரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுப் புதுச்சுவருக்கான சட்டம் எழும்பியது. உள்ளே கெட்டியான பஞ்சுப் பலகைகள், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பின்னால் மூடிய பெட்டி. தரையை உலுக்கும் பெரிய பெட்டியை எதிர்மூலைக்குத் தள்ளி ரப்பர் மெத்தையில் உட்கார வைத்தார். துளை போடுவதெல்லாம் மதியம் மூன்று மணிக்கு மேல்தான் என்பதால் மூன்று நாள் வேலை ஒன்பது நாள் இழுத்தது. ராஜ்குமார் முனகினார், தடுக்கவில்லை.

பத்தாம் நாள் காலை பத்தரைக்குச் சோதனை. சென்னப்பன் வேலையிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, வழக்கம்போலப் படுத்துவிட்டார். வழக்கம்போலப் படுங்கள் என்பதுதான் சுசித்ரா அவரிடம் கேட்டுக்கொண்டது. அறைக்கதவை ஒருக்களித்துவிட்டு சுசித்ராவும் ஜோதிமணியும் நானும் வெளியே தரையில் உட்கார்ந்தோம். சுசித்ரா போனில் ஒரு எண்ணைத் தட்டி அனுப்புவார், அந்தப் பக்கம் ராஜ்குமார் அந்த எண்ணுக்குச் சத்தத்தை ஏற்றுவார். முப்பது. முப்பத்தைந்து. சந்தை ஓடிக்கொண்டிருந்தது, எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. நாற்பதில் படத்துக்கு மாறினார்கள். ஐம்பதைத் தாண்டியபோது தரையில் லேசாக ஒரு அதிர்வு. உள்ளே சென்னப்பன் புரண்டார். ஜோதிமணி என் கையைப் பிடித்துக்கொண்டார், சுசித்ராவின் கை என்று நினைத்தாரோ என்னவோ. சுசித்ரா கதவிடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டை மறுபடி தொடங்கியது. சுசித்ரா நாற்பத்தெட்டு என்று தட்டி அனுப்பினார்.

பிறகு ராஜ்குமார் வீட்டுக்குப் போய், அதற்குமேல் சத்தம் ஏறாதபடி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியில் அமைத்தார். வயருக்கு ஒட்டும் அதே டேப்பில் ஒரு துண்டு கிழித்து '48' என்று எழுதி, கீழே 'சென்னப்பன் அண்ணன்' என்றும் எழுதிப் பெட்டியின் முகப்பில் ஒட்டினார். எடுத்துவிடலாமா என்று பிரியா கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார் ராஜ்குமார்.

நான் வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். சுசித்ரா செருப்பை மாட்டாமல் ஸ்கூட்டரில் வைத்தார். பைப் துண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் துணியைச் சுற்றிக் கட்டினார். சாவியைப் போட்டார், ஆனால் ஸ்டார்ட் செய்யவில்லை. வெயிலில் வெறுங்காலோடு சென்னப்பன் வீட்டைத் தாண்டி, தெருமுனை வரை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார்.