காரியாபட்டி வரைக்கும்

மதுரையில் ஒரு விமானக் கம்பெனியில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. தொண்ணூறுகளில், வேலை முடிந்து வீடு திரும்பும் அருப்புக்கோட்டை பஸ்ஸில் தினமும் பார்ப்பேன். வெயிலில் கறுத்த முகம், அதில் பளிச்சென்று ஒரு சிரிப்பு. கூட ஏறும் சகாக்கள் ஷிப்டு, ஆபீசர், ஆறிப்போன டீ என்று புலம்பிக்கொண்டே வருவார்கள். பாதி வழியில் காரியாபட்டி வந்ததும் கை தட்டுவார்: "ஏலே, போதும். ஆபீசு இங்கயே எறங்கிக்கிரட்டும்." அப்புறம் பேச்சுக்குள் பருத்திக்காடு வரும், மயில் வரும், எங்கோ பெய்யப்போகும் மேகம் வரும்.

பயணிகளிடம் சிரித்துப் பேசியே வேலையைத் தட்டிக்கழிக்கிறார் என்று ஒருநாள் சகா ஒருவன் அவர்மேல் மனு எழுதிவிட்டான். பம்பாய்க்கு மாற்றல் வரலாம் என்றார்கள். அன்று பஸ்ஸில் அவனை வறுத்தெடுத்தார். "சிரிச்சா பெட்டி தானா ஏறிருமாலே? என் முதுகப் பாத்தியா..."

காரியாபட்டி வந்தது. பாதியில் நிறுத்தினார். சன்னல் வழியே வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, முதல் துண்டை அவனிடமே நீட்டினார்.

மறுநாள் பஸ் ஏறியதும் அந்த முதுகிலிருந்தே தொடங்கினார். இடையில் அவ்வளவு கோபத்தையும் எங்கே இறக்கிவைத்திருந்தாரோ!

"மனுவத் திரும்ப வாங்கிட்டேண்ணே, விடுங்க" என்று அவன் கெஞ்சினான்.

"இருலே, காரியாபட்டிக்கு இன்னும் நேரங் கெடக்கு."